கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடிகளும் சிறு மீன்களும்

கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடிகளை நட்டு, அவற்றினிடையே சிறு மீன்களை வளர்க்கும் வழக்கம் நகரத்து வீடுகளில் மட்டுமன்றிக் கிராமப் பள்ளிக்கூடங்களிலும் காணப்படுகின்றது. ஆயினும், தொட்டி வாங்கிய அன்றே ஜலத்தை நிரப்பி, அன்றே மீன்களையும் விட்டுவிடுவோர் பலர். சில தினங்களில் மீன்கள் ஒவ்வொன்றாய் மடியத் தொட்டி பரணுக்குப் போய்ச் சேருகின்றது. இந்த நஷ்டத்திற்குப் பெரும்பாலும் காரணம் நோயுமன்று, தீனிக் குறைவுமன்று; அவசரமே. முதலில் செடி, பின்னர் மீன் என்னும் ஒழுங்கை அறிந்து நடப்போருக்கு இஃது எளிதில் கைகூடும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களில் வசிப்போர் தம் ஊர்க் கண்மாய்களிலும் நஞ்சை நிலங்களிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இதனை அமைக்கும் முறை கீழே விவரிக்கப்படுகின்றது.

இதன் தத்துவம்

லண்டன் மாநகரில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன சாஸ்திரி, இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் வைத்துச் சோதித்து, அதன் முடிவை 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அழுகிய இலைகளால் ஜலம் கெடத் தொடங்கவே, அவர் அதில் நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அவர் கண்டார். 1853-ஆம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன்களுக்கெனத் தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையிலும் 1909-ஆம் ஆண்டில் மீன் காட்சிச்சாலையொன்று ஏற்பட்டது.

வாரிங்டன் கண்ட சமநிலைக்கு அடிப்படையாயுள்ள மற்றோர் உண்மை பின்னரே விளங்கிற்று. மீனின் கழிவும் எஞ்சிய தீனியும் ஜலத்தில் அம்மோனியாவாக மாறுகின்றன. அதனை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொருவகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சு. பின்னையதோ செடிக்கு உணவு. இந்நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டை ஒட்டி வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய அறிஞர் பிரித்தெடுத்துக் காட்டினார். தொழு உரமும் யூரியாவும் நிலத்தில் நைட்ரேட்டாகிப் பயிருக்குச் சேருவதும் இவ்வகை உயிர்களாலேயே. ஆகவே, விவசாயிக்கு இது புதிய பாடமன்று. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதற்கு முன் விடப்படும் மீன் தன் கழிவினாலேயே மடிகின்றது.

தொட்டியும் இடமும்

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டி தொடக்கத்திற்கு ஏற்றது. இது விளிம்புவரை ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். மிகச் சிறிய தொட்டி வெயிலில் விரைவில் சூடேறி, விரைவில் கெடுமாதலால் அதனை விலக்குக. மண்ணும் ஜலமும் நிரம்பியபின் தொட்டியின் பாரம் 70 கிலோவுக்குக் குறையாது. எனவே உறுதியான மேடையில், மட்டம் பார்த்து வைத்தல் வேண்டும். கிழக்குச் சன்னலின் அருகே, இளவெயில் சிறிது நேரம் படும் இடம் நன்று. நண்பகல் வெயில் பட்டால் ஜலம் பச்சைப்பாசியாகிவிடும். வெளிச்சம் போதாத அறையில் மின்விளக்கை நாள்தோறும் எட்டு மணி நேரம் எரிக்கலாம்.

மண்ணும் மணலும்

கண்மாய் வண்டலை உலர்த்தி, கட்டிகளை உடைத்துச் சலித்து, ஓர் அங்குல கனத்திற்குப் பரப்புக. பூச்சிமருந்து தெளித்த பருத்திக் காட்டின் மண் ஆகாது. எருவும் சேர்க்கலாகாது. வண்டலின்மேல் நன்கு கழுவிய பருமணலை முன்புறம் ஓர் அங்குலமும் பின்புறம் இரண்டு அங்குலமுமாகச் சரிவாக இடுக. கரிசல் பூமியில் சுண்ணாம்புக்கல் கலந்த மணல் உண்டு. ஒரு பிடி மணலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைக்குமாயின் அது தகாது. அத்தகைய மணல் ஜலத்தின் காரத்தன்மையை மிகுவிக்கும். கார ஜலத்தில் அம்மோனியாவின் நஞ்சும் மிகும்.

ஜலம்

நகராட்சிக் குழாய் ஜலத்தில் குளோரின் கலந்திருப்பதால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தபின் உபயோகிக்க வேண்டும். கிணற்று ஜலம் உப்புக்கரிப்பாயின், சேமித்த மழைஜலத்தைச் சரிபாதி கலத்தல் நலம். மணலின்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்ல ஊற்றினால் வண்டல் கலங்காது.

செடிகள்

இப்பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையே பிரதானமாதலால், கண்மாய்கள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களே தொடங்குவதற்கு ஏற்றவை. வாய்க்கால் ஓரத்து நீர்ப்பிரமியை நான்கங்குலத் துண்டுகளாக நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளி நடலாம். வயலில் களையென எறியும் ஆரைக்கீரை தொட்டியின் முன்புறத்திற்கு அழகு தரும். கொட்டிக்கிழங்கை முழுதும் புதைக்காமல், முளைப்பகுதி மணலுக்கு மேலே தெரிய வைக்க வேண்டும். வேலம்பாசி என வழங்கும் ஹைட்ரில்லா விரைவில் வளர்ந்து கழிவை உறிஞ்சுமாதலால் முதல் மாதத்தில் பெரிதும் உதவும். தொட்டியின் தரையில் பாதிக்குக் குறையாமல் முதல் நாளிலேயே நட்டுவிடுதல் அவசியம்.

கண்மாயிலிருந்து எடுத்த செடிகளை நேரே நடலாகாது. அலசியபின் வலை மூடிய வாளியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால், அட்டைகளும் தும்பியின் இளம்புழுக்களும் வெளிப்படும். தும்பிப்புழு சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும்.

மீன்கள்

செடிகள் வேரூன்றிப் புதுத் தளிர் விட்டு, நான்கு வாரங்கள் கழிந்தபின் இரண்டு மூன்று மீன்களை விடுக. அவை இரண்டு வாரம் நலமாயிருப்பின் மேலும் நான்கைந்து சேர்க்கலாம். சிறு கெண்டை வகைகள் நடுமட்டத்தில் கூட்டமாக நீந்தும். அயிரை மணலில் புதைந்து, அடியில் கிடக்கும் தீனியைத் தேடும். தலையில் வெள்ளிப்புள்ளி விளங்க மேல்மட்டத்தில் திரியும் அப்லோகைலஸ் என்னும் சிறு மீன் கொசுப்புழுக்களை விரும்பித் தின்னும். அது துள்ளிக் குதிக்குமாதலால் தொட்டியை வலையால் மூடுதல் வேண்டும்.

பராமரிப்பு

இரண்டு நிமிஷங்களில் தின்று தீரும் அளவே தினம் ஒருமுறை தீனியிடுக. வாரம் ஒருமுறை ஜலத்தில் ஐந்திலொரு பங்கை மாற்றுக. கழித்த ஜலம் பூச்செடிகளுக்கு நல்ல உரமாகும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரைதான் கொள்ளும். இரவில் செடிகளும் பிராணவாயுவையே உட்கொள்ளுகின்றன. ஆகையால், சித்திரை வைகாசியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்குமாயின், தீனியைக் குறைத்து, சிறு காற்றுக்குழாயை இரவில் இயக்குக.

முக்கிய எச்சரிக்கை

மேற்கு மலைக்காட்டினுள் உள்ள ஓடைகளிலிருந்து மீனையோ செடியையோ எடுத்தலாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2021-ஆம் ஆண்டு முதல் அது மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி உயிரினங்களை எடுப்பது குற்றம்.

அதனினும் பெரிய தீங்கு, வேண்டாத மீனையும் செடியையும் கண்மாயில் கொட்டுதல். தொட்டியின் பாசியைத் தின்னுமென்று கடைகளில் விற்கப்படும் தென் அமெரிக்கக் கவச மீன், தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் புகுந்து வலைகளைக் கிழித்து வருகின்றது. அழகுக்கெனக் கொணரப்பட்ட வெங்காயத்தாமரை கண்மாய்களை மூடிக் கிடப்பதை யாவரும் அறிவர். நம் கண்மாய்கள் தனித்தனியே இருப்பன அல்ல. ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியே மிகுஜலம் அடுத்ததற்குச் செல்லும். ஓரிடத்தில் விட்ட மீன் அடுத்த பெருமழையில் கீழுள்ள ஊர்களுக்கும் போய்ச் சேரும். பின்னர் அதனை மீட்க வழியில்லை. தொட்டியைத் தொடர இயலாதவர் மீன்களை வேறொரு வளர்ப்பவரிடமோ பள்ளிக்கூடத்திடமோ ஒப்படைக்கட்டும். செடிகளை வெயிலில் நன்கு உலர்த்தி எருக்குழியில் இடட்டும்.