பட்டத்தைக் கொடுப்பது யார்?

2000 டிசம்பரில் டெஹ்ரானில் அலெக்ஸி ஷிரோவை வீழ்த்தி விஸ்வநாதன் ஆனந்த் உலக செஸ் சாம்பியன் ஆனார். அதற்கு முந்தைய மாதம்தான் லண்டனில் காரி காஸ்பரோவைத் தோற்கடித்து விளாதிமிர் கிராம்னிக்கும் உலக சாம்பியன் ஆகியிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு சாம்பியன்கள். ஆனந்தின் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பட்டம் வழங்கும் அமைப்புதான் இரண்டாகக் கிடந்தது.

ஃபிடே எனப்படும் உலக செஸ் கூட்டமைப்பு 1924-ல் பாரிஸில் தொடங்கப்பட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகப் பட்டம் அதன் கைக்கு வரவில்லை. யாருடன் மோதுவது, எப்போது, எவ்வளவு பணத்துக்கு என்பதில் சாம்பியன் வைத்ததே சட்டம். 1927-ல் அலெக்கைனிடம் பட்டத்தை இழந்த காபபிளாங்காவுக்கு, அதற்காக மீண்டும் மோதும் வாய்ப்பு கடைசிவரை கிடைக்கவே இல்லை. 1946-ல் அலெக்கைன் சாம்பியனாகவே இறந்துபோக, நாற்காலி காலியானது. 1948-ல் ஐந்து பேரை மோதவிட்டு, வென்ற பாட்வின்னிக்கை சாம்பியன் என அறிவித்தது ஃபிடே. சாம்பியன் மனம் வைத்தால்தான் சவால் விடலாம் என்ற நிலை போய், தகுதிச் சுற்றுகளில் ஜெயித்து வருபவருடன் அவர் மோதியே ஆக வேண்டும் என்றானது. சங்கம் என்ற ஒன்று ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

1993-ல் காஸ்பரோவும் நைஜல் ஷார்ட்டும் ஃபிடேயுடன் முரண்பட்டு, தனி அமைப்பு கண்டு மோதினார்கள். பிளவு ஒட்ட 2006 வரை ஆனது. ஆனந்த் தன் உச்ச வயதின் பெரும்பகுதியை இந்தக் குழப்பத்திலேயே கழித்தார். 2007-ல் மெக்சிகோ நகரில் பட்டம் வென்று, 2008-ல் பான் நகரில் கிராம்னிக்கையும் வீழ்த்திய பிறகுதான் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

பட்டம் ஒன்றானாலும், அதற்குப் போகும் வழியை வகுப்பதில் சங்கம் சறுக்கலாம். சாம்பியனுடன் மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 கேண்டிடேட்ஸ் தொடரின் எட்டு இடங்களில் ஒன்று, வேறு வழியில் தகுதி பெறாதவர்களில் 2024 ஜனவரிப் பட்டியலில் ரேட்டிங் அதிகம் உள்ளவருக்கு என்றிருந்தது. அந்த ஒரு இடத்துக்காகவே 2023 டிசம்பரில் பிரான்ஸில் அலிரேசா ஃபிரூஜாவுக்கு, ரேட்டிங்கில் அவரைவிட வெகுவாகக் குறைந்தவர்களுடன் அவசர அவசரமாக ஆட்டங்கள் ஏற்பாடாயின. ஃபிடே ஆட்சேபித்தது. அவர் ரூவான் நகரில் நடந்த ஓப்பன் போட்டிக்கு ஓடி, ஏழு சுற்றுகளையும் ஜெயித்து இடத்தைப் பிடித்தார்.

அதே மாதம் சென்னையிலும் குறுகிய காலத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. அதை வென்ற குகேஷ், ஆண்டு முழுவதும் ஆடிய போட்டிகளில் சிறந்த சிலவற்றின் புள்ளிகளைக் கூட்டும் ஃபிடே சர்க்யூட் வழியாக கேண்டிடேட்ஸில் நுழைந்தார். அதுவும் கடைசி நேர ஏற்பாடுதானே என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. நம் ஊர்ப் போட்டி என்பதற்காக அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எதிரில் உட்கார்ந்தவர்கள் முன்னணி ஆட்டக்காரர்கள், விதியும் மீறப்படவில்லை. இரண்டு ஊர்களிலும் ஆட்டக்காரர்கள் விதி திறந்துவைத்த வாசல் வழியாகத்தான் போனார்கள். கடைசி வாரங்களில் இப்படி முண்டியடிக்க இடம் வைத்தது விதியை எழுதியவர்களின் பிழை.

ஆனாலும் நடுவழியில் ஃபிடே விதியை மாற்றவில்லை. அது சரியான முடிவு. 2026 கேண்டிடேட்ஸுக்குத்தான் திருத்தியது: ஒரு மாதப் பட்டியலுக்குப் பதில் ஆறு மாதச் சராசரி, கூடவே குறைந்தபட்ச ஆட்டங்களின் கணக்கு.