பட்டுப்பாவாடையின் உள்பக்கம்

எதிர்வீட்டுப் பெண் நேற்றுச் சாயங்காலம் ஒரு பையோடு வந்தாள். வைகாசியில் அவள் தம்பிக்குக் கல்யாணம். ஐந்து வயது மகளுக்குப் பாவாடை சட்டை, இரண்டு வயது மகனுக்கு வேட்டி சட்டை, இரண்டும் எடுத்தாகிவிட்டதாம்.

"அக்கா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. போன கல்யாணத்துல தாலி கட்டறதுக்கு முன்னாடியே சட்டையப் பிச்சுப் பிச்சு இழுத்து ஒரே அழுகை. அத்தன பேர் முன்னாடி அடிச்சுட்டேன்" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் பாவாடை சட்டையைப் பிரித்தேன். கரையைப் பார்ப்பேன், நிறத்தைச் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் சட்டையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தைக்கிறேன். எந்த உடுப்பு வந்தாலும் முதலில் இப்படித்தான். கடை வெளிச்சத்தில் நாம் பார்த்து மயங்குவது வெளிப்பக்கம். மண்டபத்தில் ஆறு மணி நேரம் பிள்ளையின் உடம்போடு உரசிக்கொண்டிருப்பது இந்தப் பக்கம்.

"உன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துத் தேய்" என்றேன். தேய்த்தாள். இரண்டாவது தேய்ப்பிலேயே கையை எடுத்துக்கொண்டாள்.

ஜரிகை என்பது பார்ப்பதற்குத்தான் நூல். நல்ல ஜரிகையில் நடுவே ஒரு பட்டு இழை. அதைச் சுற்றித் தட்டையாக அடித்த வெள்ளிக் கம்பி. அதன்மேல் தங்கப் பூச்சு. விலை குறையக் குறைய வெள்ளிக்குப் பதில் செம்பு வரும், அதற்கும் கீழே போனால் மினுங்கும் பிளாஸ்டிக் நாடா வரும். எதுவானாலும் அது பருத்தி நூலைப் போல வளைந்து கொடுக்காது. புட்டா போட்ட துணியில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே அந்த இழை பின்பக்கமாக ஓடும், அல்லது வெட்டிவிடப்பட்டு முனை நீட்டிக்கொண்டு நிற்கும். தையல் மடிப்பில் அந்த முனைகள் கத்தையாகச் சேர்ந்துவிடும். கழுத்து, அக்குள், கை முடியும் இடம்: பிள்ளை எங்கே பிடித்து இழுக்கிறதோ, அங்கே மடித்துப் பார்த்தால் காரணம் இருக்கும். அந்தக் குழந்தை அடம் பிடிக்கவில்லை. அதற்கு வலித்தது.

அடுத்தது துணி. ஓரத்திலிருந்து நீளவாட்டில் இரண்டு நூல், குறுக்குவாட்டில் இரண்டு நூல் உருவி, ஒரு தட்டின் மேல் வைத்துத் தனித்தனியாகக் கொளுத்திக் காட்டினேன். பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். இது சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. பாலியஸ்டர். அவள் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அசல் பட்டுதான் எடுக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கனத்த காஞ்சிப் பட்டும் வைகாசி வெயிலில் பிள்ளைக்குப் புழுக்கம்தான். ஆனால் எந்தத் துணி என்று தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் போட்டுவைக்கலாம், உள்ளே என்ன வைக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டு 11 கிராம் வரை வாங்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அப்படியானால் வேர்வை எங்கே போகும்? தோலிலேயே நிற்கும். வேர்வைத் துளைகள் அடைத்து வேர்க்குரு போடும். அதன்மேல் ஜரிகை முனை உரசினால் பெரியவர்களுக்கே தாங்காது.

இதற்கு ஒரு நல்ல வழி லைனிங். அதையும் விஷயம் தெரிந்து வைக்க வேண்டும். கடைச் சட்டைகளில் உள்ளே ஒரு வழுவழுப்பான துணி இருக்கும்; கேட்டால் லைனிங் இருக்கிறது என்பார்கள். அதுவும் பாலியஸ்டரேதான். வேண்டியது மெல்லிய மல் துணி. முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கி மேல்துணியைச் சேர்த்து இழுத்துவிடும். தைக்கும்போது மேல்துணியின் தையல் விளிம்பும் லைனிங்கின் விளிம்பும் ஒன்றையொன்று பார்த்து நடுவில் மறைந்திருக்கும்படி வைத்தால், தோலில் படும் பக்கம் மொழுக்கென்று இருக்கும். தையற்காரரிடம் "விளிம்பு வெளியே தெரியாம வெச்சுத் தைங்க" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார். கொஞ்சம் கூலி கூடும். கரைக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்து இதற்குக் கொடுங்கள். அசல் பட்டுக்கும் இது நல்லது. அக்குள் வேர்வைக் கறை பட்டில் படாமல் லைனிங்கோடு நின்றுவிடும்.

பாட்டியின் பழைய பட்டுப்புடவையை வெட்டித் தைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கட்டிக் கட்டி அது குழைந்திருக்கும். ஆனால் பழைய ஜரிகை அங்கங்கே இற்று முனை தூக்கியிருக்கும், கையால் தடவிப் பார்த்தே வெட்ட வேண்டும்.

பாவாடைக்கு இடுப்பில் நாடா இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்றேன். சின்னப் பிள்ளைக்கு இடுப்பு எங்கே இருக்கிறது? வயிறுதான் இருக்கிறது. நழுவாமலிருக்க இறுக்கிக் கட்டுவோம். அது பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்ததும் வயிற்றில் அறுக்கும். பாவாடையோடு பாடி வைத்துத் தைத்துவிட்டால் எடை முழுவதையும் தோள் தாங்கும். நீளம் தரையைத் தொட வேண்டும் என்று ஆசைப்படுவோம். கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் இருக்கட்டும். பந்தி பெரும்பாலும் மாடியிலோ கீழ்த்தளத்திலோ இருக்கிறது, படியில் பாவாடை தடுக்கி விழுந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மிச்சத் துணியை வெட்டாமல் உள்பக்கம் டக் பிடித்து வைத்தால் வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம். பட்டில் பிரித்த தையல் கோடு போகாமல் நிற்கும். என் சிறுவயதுப் பாவாடை ஒன்றில் அப்படி மூன்று கோடுகள் உண்டு. மரத்தின் வளையம்போல, எந்தக் கோடு எந்தக் கல்யாணம் என்று அம்மா சொல்வாள்.

பையனின் வேட்டி வெல்க்ரோ ஒட்டும் ரகம். நல்லதுதான். அதன் சொரசொரப்பான பக்கம் வெளியே பார்த்திருக்கிறதா, ஓரம் இடுப்பில் குத்துகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஒரு பருத்தி டவுசர். டயபர் போடுகிறவனுக்கு அதற்கும் சேர்த்து இடம் விட வேண்டும். ஊக்கு வேண்டவே வேண்டாம். அவன் சட்டையில் ஒட்டியிருந்த கல்லையும் முத்தையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒன்று கையோடு வந்துவிட்டது. எதையும் வாயில் போடும் வயது. மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட்டோம்.

ரிசப்ஷனில் மகளுக்குப் போட வலை வலையாகத் தொங்கும் கவுன் ஒன்று எடுக்கப்போவதாகச் சொன்னாள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அந்த வலை நைலானோ பாலியஸ்டரோதான். காற்று ஊடுருவும்படி விரிந்து நிற்பதால் சட்டென்று பற்றும். உருகிய துணி தோலில் ஒட்டிக்கொள்ளும். குத்துவிளக்கும் ஹோமகுண்டமும் தரை மட்டத்தில் இருக்கின்றன. குழந்தையின் கவுன் விரிவதும் அதே உயரத்தில்தான். அவளுக்கு ஒரு சுங்குடிப் பாவாடை போதும். ஓடி ஆடினாலும் உறுத்தாது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒருமணி நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. சம்மணம் போட்டுச் சாப்பிடட்டும், இரண்டு கையையும் தூக்கட்டும், தானே கழிவறைக்குப் போய் வரட்டும். எங்கே கை போய்ச் சொறிகிறதோ அங்கே ஊசியை எடுக்கலாம். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் நாலு மணிக்கே உடுத்திவிட்டுக் காத்திருப்பது கொடுமை. பருத்திச் சட்டையிலேயே மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், கெட்டிமேளத்துக்கு அரைமணி முன்னால் மாற்றினால் போதும். படம் எடுத்து முடிந்ததும் மறுபடி பருத்தி.

"மாத்திவிட்டா எங்க மாமியார் ஏதாச்சும் சொல்லுவாங்களேக்கா" என்றாள்.

"அவங்க மணிக்கட்டிலயும் ஒரு தடவ தேச்சுக் காட்டு."

டீ ஆறிப்போயிருந்தது. மறுபடி சுடவைத்தேன். சட்டையைப் பிரிக்க என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மல் துணி இப்போது வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கொக்கி முதுகில் வேண்டுமா, முன்னால் வேண்டுமா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.