பழைய லாரி வாங்கியாச்சு… லோடு எங்கே?
டெல்டாவின் புதிய ‘ஓனர் கம் டிரைவர்’களுக்கு ஒரு கையேடு

பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டினீர்கள். கையிருப்பு, நகைக்கடன், பைனான்ஸ் எல்லாம் சேர்த்து இப்போது சொந்தமாக ஒரு லாரி வாங்கிவிட்டீர்கள். புது வண்டி இல்லை, பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியதுதான். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை எடுத்தும் ஆச்சு. ஆனால் ஒரு வாரம் போகிறது, லோடு வரவில்லை. தவணைத் தேதி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

இந்த நிலை உங்களுக்கு மட்டும் வருவதில்லை. நல்ல செய்தி என்னவென்றால், பழைய வண்டிக்கான வேலை தஞ்சாவூரைச் சுற்றியே இருக்கிறது. அது யார் கையில் இருக்கிறது, என்ன காகிதம் கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் வண்டியின் வயதைப் பாருங்கள்

மாநிலம் விட்டு மாநிலம் போக நேஷனல் பெர்மிட் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சாதாரண இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வயது வரைதான் அது கிடைக்கும். மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வயது வரை. ‘மும்பை லோடு, டெல்லி லோடு ஓட்டலாம்’ என்று சொல்லி யாராவது 13 வருஷ லாரியை விற்க வந்தால், இந்த ஒரு விதியை நினைவில் வையுங்கள்.

எப்.சி.யிலும் வயதுக்கு வேலை உண்டு. எட்டு வருஷம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை. வயது கூடக் கூடக் கட்டணமும் கூடும். அதை வாங்குவதற்கு முன்பே பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆகவே, பழைய லாரிக்குத் தூரத்து லோடு சரிவராது, பக்கத்து லோடுதான் சரி. டெல்டாவில் பக்கத்து லோடு என்றால் நெல்தான்.

நெல் எப்படி நகர்கிறது?

வயலில் அறுத்த நெல்லை விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு வருகிறார். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அதை 40 கிலோ மூட்டைகளாக வாங்குகிறது. மூட்டைகள் அங்கிருந்து கிடங்குக்கும் திறந்தவெளி சேமிப்பு மையத்துக்கும் அரவை ஆலைக்கும் போகின்றன. ஒரு பகுதி தஞ்சாவூர், நீடாமங்கலம் போன்ற ரயில் நிலையங்களின் குட்ஷெட்டுக்குப் போய், சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குச் செல்கிறது. அரிசியாகத் திரும்பி வந்தபின் கிடங்கிலிருந்து நியாயவிலைக் கடைக்குப் போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் லாரி தேவை.

ஒரு சின்னக் கணக்கு. 42 வேகன் கொண்ட ஒரு சரக்கு ரயிலில் சுமார் 2,000 டன் நெல் ஏறும். அது 50,000 மூட்டை. ஒரு லாரிக்கு 10 டன் என்று வைத்தால், ஒரே ரயிலை நிரப்ப 200 லாரி நடை வேண்டும்.

வண்டி நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும்? 2025 அக்டோபரில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்தபோது டெல்டாவே பார்த்தது. கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் தேங்கின. அடுத்து நெல் கொண்டுவந்த விவசாயி இடமில்லாமல் காத்திருந்தார். ஆகவே, சொன்ன நேரத்துக்கு வண்டி வருவது ஒரு விவசாயக் குடும்பத்தின் பணத்தையும் காப்பாற்றும்.

லோடு யார் கையில்?

கொள்முதல் நிலையத்துக்கு நேரே போய் பட்டியல் எழுத்தரிடம் ‘ஐயா, ஒரு லோடு குடுங்க’ என்று கேட்டால் கிடைக்காது. தர அவருக்கு அதிகாரமும் இல்லை. மூட்டைகளை இயக்கம் செய்யும் வேலை டெண்டர் மூலம் போக்குவரத்து ஒப்பந்ததாரருக்குத் தரப்படுகிறது. ஒப்பந்ததாரரிடம் இருக்கும் சொந்த வண்டிகள் சீசன் நேரத்தில் போதாது. அப்போது அவர் வெளி வண்டிகளைச் சேர்த்துக்கொள்வார். ஒற்றை லாரி வைத்திருக்கும் உங்களுக்கு வாசல் அதுதான்.

1. உங்கள் பகுதி ஒப்பந்ததாரர் யார் என்பதை வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். டெண்டர் அறிவிப்புகளைத் தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

2. உள்ளூர் லாரி உரிமையாளர் சங்கத்துக்குப் போங்கள். வரிசை முறையில் லோடு பிரிக்கும் சங்கம் என்றால், சந்தா எவ்வளவு, வரிசை எப்படி வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

3. சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே போங்கள். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் சூடுபிடிக்கும். சம்பா, தாளடி நெல் ஜனவரி முதல் மார்ச் வரை வரும். நெல் குவிந்தபின் போய் நின்றால் வரிசையில் கடைசி ஆள் நீங்கள்தான்.

நெல் இல்லாத மாதங்களில் என்ன செய்வது? ரயிலில் வரும் உரம் குட்ஷெட்டிலிருந்து கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கடைகளுக்கும் லாரியில்தான் போகிறது. நெல் இறக்கிய கையோடு இது நல்ல ரிட்டர்ன் லோடு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தேங்காய் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வரும் பருத்தி, உளுந்து. குறுங்குளம் சர்க்கரை ஆலை அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு. இந்த நாலைந்து இடத்திலும் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

காகிதம் சுத்தமா?

ஒப்பந்ததாரர் முதலில் கேட்பது ஆர்.சி., எப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, சாலை வரி. இதில் பழைய வண்டி வாங்கியவர்கள் அதிகம் தவறவிடுவது மூன்று.

பெயர் மாற்றம்: வண்டி கைமாறிய 30 நாளுக்குள் வாங்கியவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய ஓனர் வாங்கிய கடன் ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால், பைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு அதை நீக்கிவிடுங்கள்.

பெர்மிட்: ஆர்.சி.யில் பெயர் மாறினால் பெர்மிட்டும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது! போக்குவரத்து அதிகாரியின் அனுமதியோடு அதைத் தனியாக மாற்ற வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறிய சரக்கு வண்டிக்கு மட்டும் பெர்மிட் தேவையில்லை.

இன்சூரன்ஸ்: வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் பெயர் மாற்றக் கேளுங்கள். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

வாங்குவதற்கு முன்பே எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். இ-சலான் தளத்தில் பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வாங்கியபின் ஆர்.சி., இன்சூரன்ஸ், உரிமம் எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனையின்போது அதைக் காட்டினாலே செல்லும்.

‘இன்னும் ஐம்பது மூட்டை ஏத்திக்கலாமே?’

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 2018-ல் லாரிகளின் எடை வரம்பு உயர்த்தப்பட்டது உண்மைதான். ஆனால் உங்களுக்குக் கணக்கு உங்கள் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடைதான். உதாரணமாக, மொத்த எடை 16,200 கிலோ, வெற்று வண்டி 6,200 கிலோ என்றால் ஏற்றலாம் 10,000 கிலோ. அதாவது 250 மூட்டை.

அதற்கு மேல் ஐம்பது மூட்டை என்பது இரண்டு டன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அந்த இரண்டு டன்னுக்குக் கிடைக்கும் வாடகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வண்டியின் பட்டையும் டயரும் பிரேக்கும் தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

வாடகை பேசும் முன் ஒரு கணக்கு

ஓடினாலும் நின்றாலும் ஆகும் செலவைத் தனியாக எழுதுங்கள். மாதத் தவணை 24,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,88,000. இன்சூரன்ஸ், வரி, எப்.சி., டயருக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 1,32,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,20,000. ஆண்டில் 210 நாள் வண்டி ஓடினால், ஒரு நாளுக்கு 2,000 ரூபாய். டீசலும் ஆள் கூலியும் உங்கள் படியும் இதற்கு மேல்தான். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தத் தொகையைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே வாடகை பேசினால், வண்டி ஓட ஓட கடன்தான் கூடும்.

ஏற்று கூலி, இறக்கு கூலி யார் தருவது? இறக்க இரண்டு நாள் காத்திருந்தால் ஹால்டிங் உண்டா? மூட்டை குறைந்தால் யார் பொறுப்பு? மூன்றையும் வண்டி கிளம்பும் முன் பேசி வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டையை எண்ணி, எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். நல்ல தார்ப்பாய் இல்லாமல் ஐப்பசியில் நெல் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பணம் வர லேட் ஆனால்?

புதிதாக வருபவர்களைப் படுக்க வைப்பது பெரும்பாலும் வாடகைப் பாக்கிதான். அதற்கு ஒரு வழி உண்டு, முன்கூட்டியே செய்தால். உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். ஆதார், பான் இருந்தால் போனிலேயே முடியும், கட்டணம் கிடையாது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் இணையவழியில் புகார் செய்யலாம். தஞ்சாவூர் பகுதிக்கான வசதியாக்க மன்றம் திருச்சியில் இருக்கிறது. பாக்கி விழுந்தபின் பதிவு செய்தால் பயன் குறைவு. வேலைக்குப் போகும் முன்பே செய்துவிடுங்கள்.

டி.டி.எஸ். பிடித்தம் பற்றியும் ஒன்று. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், வாடகையில் பிடித்தம் செய்யத் தேவையில்லை.

ஆன்லைனில் ‘லோடு ரெடி, முன்பணம் கட்டுங்க’ என்று யாராவது கேட்டால் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

* எம்-பரிவாஹனில் எல்லாத் தேதிகளையும் பார்த்து, போனில் நினைவூட்டல் வையுங்கள்.
* பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.
* உத்யம் பதிவு செய்யுங்கள்.
* ஒரு நாள் நிலைச் செலவைக் கணக்கிடுங்கள்.
* அடுத்த அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால் ஒப்பந்ததாரரையும் சங்கத்தையும் நேரில் பாருங்கள்.

முதல் சீசனில் பத்து நடைதான் கிடைத்தது என்றாலும் மனம் தளர வேண்டாம். அந்தப் பத்து நடையும் சொன்ன நேரத்துக்கு, மூட்டை குறையாமல், நனையாமல் போய்ச் சேர்ந்தால், அடுத்த சீசனில் அவர்களே உங்களுக்குப் போன் போடுவார்கள்.