இருவராக மேடேறுங்கள்: ஏற்ற இறக்கச் சாலைகளில் மிதிவண்டிப் பயிற்சி

மிதிவண்டி ஓட்டுவது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் சிறந்த பயிற்சி. சமதளத்தில் நன்கு பழகியவர்கள் அடுத்ததாக மண்டாய் சாலை, மவுண்ட் ஃபேபர் போன்ற ஏற்ற இறக்கமுள்ள இடங்களுக்குச் செல்ல விரும்புவதுண்டு. சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர்தான். ஆனாலும், சிறு மேடுகள் அடுத்தடுத்து வரும்போது, நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உடல் விரைவில் களைத்துவிடும்.

நண்பருடன் செல்வது தனியாகச் செல்வதைவிடப் பாதுகாப்பானது. ஆனால், நண்பருக்கு முன்னால் "என்னால் முடியவில்லை" என்று சொல்லப் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே ஆபத்தாக முடியலாம். ஆகவே, இருவரில் யார் "நிறுத்துவோம்" என்றாலும், காரணம் கேட்காமல் இருவரும் நிற்பது எனப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முன்

• மைஇஎன்வி செயலியில் வெப்பநிலை ஆலோசனையைப் பாருங்கள். வெப்ப பாதிப்பு அபாயம் அதிகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். காலை நேரமே நல்லது.
• காய்ச்சல், வயிற்றுப்போக்கு அல்லது தூக்கமின்மை இருந்தால் ஓய்வெடுங்கள்.
• உங்கள் நோய்கள், மருந்துகள், குடும்பத்தாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை நண்பரிடம் தெரிவியுங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் இனிப்பு மிட்டாய் வைத்திருப்பது அவசியம்.
• பிரேக், டயர், விளக்குகளைச் சோதியுங்கள். சாலையில் தலைக்கவசம் அணிவது கட்டாயம்.

மேடேறும்போது

மேடு தொடங்குவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாறுங்கள். நின்று மிதித்து வேகமாக ஏறினால் தசைகளுக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படும். இதயத் துடிப்பும் சட்டென உயரும். உட்கார்ந்தபடி சீராக மிதித்தால் சக்தி மிச்சமாகும்.

வேகம் சரியா என்பதைப் பேச்சைக் கொண்டே அறியலாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. சில சொற்களுக்குமேல் பேச முடியவில்லை என்றால் அது தீவிரமான பயிற்சி. பயிற்சியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் மிதமான நிலையிலேயே இருப்பது நல்லது.

மெதுவாகச் செல்பவர் முன்னால் செல்லட்டும். அப்போது அவருடைய வேகமே இருவருக்கும் வேகமாகும்; பின்னால் வருபவர் அவரைக் கவனித்துக்கொள்ளவும் முடியும். ஒருவழித் தடம் மட்டுமே உள்ள சாலையில் ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும்.

இறங்கும்போது

இறக்கத்தில் மூச்சு சீராகும். ஆனால் கவனம் சிதறக்கூடாது. வளைவை அடைவதற்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் மெதுவாகப் பிடியுங்கள். இருவருக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கட்டும். மழை பெய்திருந்தால் இன்னும் மெதுவாகச் செல்லுங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிது தண்ணீர் குடியுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் வலி அல்லது இறுக்கம். கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி
• வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை
• தலைச்சுற்றல், வாந்தி
• குழப்பமான பேச்சு, தடுமாற்றம்

கடைசி அறிகுறியைப் பாதிக்கப்பட்டவரே உணராமல் இருக்கலாம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும், வண்டியை நேராக ஓட்ட முடியாமல் தடுமாறினால் நண்பரே அவரை நிறுத்த வேண்டும். இது வெப்பத் தாக்கமாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்தானது.

உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை நிழலில் படுக்க வைத்து, ஆடைகளைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். அக்குளிலும் கழுத்திலும் குளிர்ந்த துணி வையுங்கள். சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

சிறிது சிறிதாக முன்னேறுங்கள்

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது. முதல் வாரங்களில் ஒரே ஒரு மேடு போதும். உடல் பழகிய பிறகு அடுத்த மேட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இதய நோய், உயர் ரத்த அழுத்தம் அல்லது நீரிழிவு இருந்தாலோ, நீண்ட காலமாக உடற்பயிற்சி செய்யாமல் இருந்தாலோ, தொடங்குவதற்கு முன் உங்கள் குடும்ப மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.