குடிமையியலுக்கும் செய்முறை வகுப்பு வேண்டும்

1982ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த கிரெகரி வாட்சன், அரசியல் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் மாற்றப்பட்டால், இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்று 1789இல் முன்மொழியப்பட்டு, போதிய மாநிலங்களின் ஒப்புதல் இல்லாமல் கிடப்பில் கிடந்த அரசியல் சாசனத் திருத்தம் பற்றிய கட்டுரை அது. திருத்தத்துக்குக் காலக்கெடு எதுவும் விதிக்கப்படவில்லை, எனவே மாநிலங்கள் இப்போதும் ஒப்புதல் தரலாம் என்பது அவர் வாதம். கட்டுரைக்குக் கிடைத்தது ‘சி’ கிரேடு.

வாட்சன் விடவில்லை. மாநிலங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1983இல் மெய்ன் மாநிலம் ஒப்புதல் தந்தது. அடுத்த ஆண்டு கொலராடோ. மொத்தம் 38 மாநிலங்கள் தேவை. 1992 மே மாதம் அந்த எண்ணிக்கை நிறைவேறி, அது 27ஆவது திருத்தமாக அரசியல் சாசனத்தில் சேர்ந்தது. 2017இல் பல்கலைக்கழகம் அவருடைய ‘சி’யை ‘ஏ’ ஆக மாற்றியது.

அவரிடம் பணபலமோ கட்சிபலமோ இருக்கவில்லை. மூல ஆவணத்தைப் படித்தார். முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். உரியவர்களுக்கு விடாமல் எழுதினார். இதெல்லாம் கற்றுக்கொடுக்கக்கூடிய திறன்கள்.

நம் பள்ளிகளில் வேதியியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு. குடிமையியலுக்கு இரண்டும் இல்லை. மாநிலங்களவை உறுப்பினரின் பதவிக்காலத்தைச் சரியாகச் சொல்லும் மாணவருக்கு, தெருவிளக்கு எரியாவிட்டால் யாருக்கு மனு எழுதுவது என்று தெரிவதில்லை. அரசின் முடிவுகள் எங்கே, எந்தக் காகிதத்தில், எந்தத் தேதிக்குள் உருவாகின்றன என்பதைச் சொல்லித்தரும் பாடம் நமக்குத் தேவை.

நகல் கேட்கும் பயிற்சி

முதல் செய்முறை, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் இச்சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டியே அனுப்பலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு.

சூட்சுமம் கேள்வியில் இருக்கிறது. “எங்கள் தெருச் சாலை ஏன் ஒரே மழையில் பெயர்ந்தது?” என்று கேட்டால் பயன் இருக்காது. ஆவணமாக இருப்பதைத்தான் தரமுடியும், விளக்கம் சொல்லவேண்டிய கடமை இல்லை என்று அலுவலகம் கைவிரித்துவிடலாம். அதையே, “அந்தச் சாலைப் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களைத் தருக” என்று கேட்டால் காகிதம் கைக்கு வரும். அளவீட்டுப் புத்தகத்தை ஒப்பந்ததாரர்கள் ‘எம் புக்’ என்பார்கள். நீளம், அகலம், கனம் எல்லாம் அதில் இருக்கும். நகலை ஒரு கையிலும் அளக்கும் டேப்பை மறுகையிலும் வைத்துக்கொண்டு மாணவர்கள் அந்தத் தெருவில் நடந்தால், புகார் ஆதாரமாக மாறும்.

வரைவிலேயே பேச வேண்டும்

இரண்டாவது செய்முறை, சட்ட வரைவுக்குக் கருத்து எழுதுவது. சட்டம் வந்தபின் போராடுவதைவிட, வரைவாக இருக்கும்போதே கருத்துச் சொல்வது எளிது. மத்திய அமைச்சகங்கள் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014இல் வகுக்கப்பட்ட கொள்கை. ஆனால் வரைவு எந்த மொழியில் வருகிறது? 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வெளியானபோது, இந்திய அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்திலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் அவகாசத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது.

இந்த வரைவையே வகுப்பில் பாடமாக எடுக்கலாம். ‘இதை எதிர்க்கிறோம்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் போதாது. எந்தப் பிரிவு, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்கு மாற்றாக என்ன வாசகம் என்று ஒரே பக்கத்தில் எழுதப் பழக வேண்டும். மாற்று வாசகம் எழுத உட்காரும்போதுதான், சட்டம் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதும் புரியும்.

பதினெட்டு வயதில் ஓர் இருக்கை

மூன்றாவது செய்முறைக்கூடம் சொந்த ஊரிலேயே இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினர்கள். பதினெட்டு வயது முடிந்து பட்டியலில் பெயர் சேர்த்த கல்லூரி மாணவிக்கும் ஊராட்சித் தலைவருக்கும் அங்கே சம உரிமை. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் பிறகு சேர்ந்தன. ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் முன்மொழியலாம். கூட்டம் கலையும் முன், தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். வாயால் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி அந்தப் பதிவேடுதான்.

இந்தச் செய்முறைகளுக்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. கல்லூரி ஆசிரியர்கள் ஒரு பருவத்தின் உள்மதிப்பீட்டு மதிப்பெண்களில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தகவல் விண்ணப்பம் அனுப்பட்டும்; ஒரு வரைவுக்குக் கருத்து எழுதட்டும்; ஒரு கிராம சபையில் எழுந்து பேசட்டும். வந்த பதில்களையும் வராத பதில்களையும் ரெக்கார்டு நோட்டில் ஒட்டி வரட்டும். அடுத்த கிராம சபை நாளிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.