ஆயிரம் முட்டை, ஆறடித் தொட்டி

நன்றாக வளர்ந்த ஜாகுவார் மீன் ஜோடி ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பதோ ஆறடித் தொட்டி ஒன்று. பெரிய வேட்டை மீன்களை வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்க ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எத்தனை குஞ்சை வளர்க்கப் போகிறீர்கள்? முட்டை வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

ஜாகுவார் சேர்ந்த சிக்லிட் குடும்பம் நமக்குப் புதிதல்ல. 1952-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு இன்று ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி கெண்டை இந்தக் குடும்பம்தான். கேரளத்தின் கரிமீனும் அப்படியே. ஜாகுவாருக்குச் சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. மனாகுவா ஏரியின் பெயரை வைத்து 1867-ல் குந்தர் என்ற விலங்கியலாளர் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளி, முன்னால் நீளும் பெரிய வாய். சொந்த நீரில் அரை மீட்டரைத் தாண்டும். தொட்டியில் ஓரடிக்குச் சற்று மேல். கொளத்தூர் மீன் கடைகளில் விரல் நீளக் குஞ்சாகக் கிடைக்கிறது.

எனக்குக் குஞ்சு விற்ற கடைக்காரர் சொன்னதை இன்றுவரை எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். "அக்கா, பெரிய ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணுன்னு தனித்தனியா வாங்கி ஒண்ணா விட்டுடாதீங்க. ராத்திரியே பெண்ணைக் கொன்னுடும். எட்டுக் குஞ்சா எடுத்துட்டுப் போங்க, அதுங்களே ஜோடி சேரட்டும்." ஒன்றாக வளரும் குஞ்சுகளில் ஏதோ இரண்டு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்ட ஆரம்பிக்கும். அன்றே மற்ற ஆறையும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஆண் பெரிதாக இருக்கும். அதன் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் கூர்ந்து நீண்டிருக்கும்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 680 லிட்டர். ஒரு ஜோடிக்கு இதைவிடக் குறைத்தால் பெண்ணுக்கு ஓடி ஒளிய இடமில்லை. நடுவில் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டி ஒன்றும் தயாராக இருக்க வேண்டும். பெண்ணின் துடுப்பு கிழிந்திருந்தாலோ, தண்ணீர் மட்டத்தில் மூலையில் ஒதுங்கி நின்றாலோ உடனே தட்டியைப் போட்டுவிடுவேன். தட்டியை ஒட்டி அது முட்டையிட்டால், ஆண் மறுபக்கம் நின்றே கருவுறச் செய்வதும் உண்டு. தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். சோப்பு நுரைக்காத நம் போர் தண்ணீர், கடினத்தன்மை பிடிக்கும் இந்த மீனுக்கு நன்றாக ஒத்துப்போகிறது.

நான் தொட்டியில் சாய்த்து வைத்திருப்பது ஒரு கடப்பைக் கல். முட்டையிடும் நாள் நெருங்கினால் இரண்டும் மாறி மாறி அந்தக் கல்லை வாயால் கடித்துக் கடித்துச் சுத்தம் செய்யும். பெண்ணின் வயிற்றடியில் மழுங்கிய சிறு குழல் ஒன்று வெளியே தெரியும். பிறகு அது வயிற்றைக் கல்லில் உரசிக்கொண்டே மெல்ல மேலேறும். பின்னால் வரிசையாக முட்டைகள் ஒட்டிக்கொண்டு வரும். அது விலகியதும் ஆண் அதே தடத்தில் போகும். மறுபடி பெண். எதிரில் வந்த எதையும் விழுங்கும் அந்த வாய், அந்த நேரத்தில் பக்கத்தில் கிடக்கும் இறாலைக்கூடத் தொடாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

தாய் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், பூஞ்சை பிடித்து வெளுத்த முட்டையைப் பொறுக்கித் தின்றுவிடும். 28 டிகிரியில் மூன்று நாள் வாக்கில் பொரிந்துவிடும். துடிக்கும் குஞ்சுகளை வாயில் அள்ளி, மணலில் தோண்டி வைத்த குழியில் துப்பும். மஞ்சள் கருவின் பை கரைந்து, அடுத்த நாலைந்து நாளில் குஞ்சுகள் மொத்தமாகக் கிளம்பி நீந்தும். தாய் உடம்பை ஒரு வெட்டு வெட்டினால் போதும், அத்தனையும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இளம் ஜோடி முதல் முட்டைகளைத் தானே தின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம். சில வாரத்தில் மறுபடி இடும்.

குஞ்சு நீந்தும் அன்று காலை உணவு கையில் இருக்க வேண்டும். ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் முட்டைதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. சோடா பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்து, அரை ஸ்பூன் முட்டை போட்டு, ஏர் பம்பை வேகமாக ஓட விட்டு, விளக்கும் போட்டால் ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறப் புள்ளிகளாக உயிர்கள் கீழே தங்கும். அவற்றை வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நேரம் போகப் போக அவற்றின் சத்து குறையும். ஃபில்டரின் வாயில் ஸ்பான்ஜ் மாட்டாவிட்டால் குஞ்சுகள் உறிஞ்சப்படும். குஞ்சுத் தொட்டியில் தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். இந்த வயதில் கொல்வது பெரும்பாலும் மிச்ச உணவிலிருந்து வரும் அம்மோனியாதான்.

எல்லாக் குஞ்சையும் எடுத்து வளர்க்க ஆசை வரும். நான் எடுப்பது நூறு, நூற்றைம்பது. மீதியைப் பெற்றோரிடமே விட்டுவிடுகிறேன். எல்லாவற்றையும் பிரித்தால் ஜோடி உடனே அடுத்த முட்டைக்குத் தயாராகும், தாய்க்கு ஓய்வே இருக்காது. ஒரு மாதத்துக்குள் முந்தி வளர்ந்த குஞ்சு பிந்தியதை விழுங்கத் தொடங்கும். எடுத்தவற்றை வாரம் ஒருமுறை அளவுவாரியாகப் பிரிக்கிறேன். விட்டவை ஒன்றையொன்று தின்று குறையும். கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஏரியிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆயிரம் முட்டை அதற்காகத்தான்.

மிஞ்சிய குஞ்சை ரெட்டேரியில் விட்டுவிடலாமே என்று இரக்கத்தோடு கேட்பவர்கள் உண்டு. பனாமாவின் காட்டூன் ஏரியில் நடந்தது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பீக்காக் பாஸ் என்ற இன்னொரு பெரிய சிக்லிட், 1967 வாக்கில் வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பி அங்கே போனது. சாரெட், பெயின் என்ற இரு விஞ்ஞானிகள் 1973-ல் எழுதியபோது, அது பரவிய இடங்களில் அந்த ஏரியின் சாதாரண மீன்களில் பெரும்பாலானவை காணாமல் போயிருந்தன. பிலிப்பைன்ஸின் தால் ஏரியில் ஜாகுவாரே இன்று வேரூன்றிவிட்டது. ஒரு வாளிக் குஞ்சு போதும்.

அதனால் என்னிடம் குஞ்சு வாங்குகிறவர்களிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொள்கிறேன்: வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தர வேண்டும். அப்படித் திரும்பி வந்த ஆண் ஒன்று மொட்டைமாடி சிமென்ட் தொட்டியில் இருக்கிறது. அதற்குத் தினமும் மாலை உரித்த இறாலும் பெல்லட்டும் போட நான்தான் போக வேண்டும். வேறு யார் கை நீண்டாலும் கடித்துவிடுகிறது.