பனிக்கட்டிக்கு அடியில் 4 பாகை

போன வாரம் படிவம் 2 வகுப்பில் ஒரு புகைப்படத்தைக் காட்டினேன். உறைந்த ஏரியின் மேல் ஒருவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டத் துளை. துளைக்குள் தூண்டில். பக்கத்தில் பனியின் மேல் ஐந்தாறு மீன்கள். எங்கே எடுத்த படம் என்று யாரும் கேட்கவில்லை. பின் வரிசையிலிருந்து வந்த முதல் கேள்வி இது: "டீச்சர், ஏரியே உறைஞ்சு போச்சுன்னா மீன் எப்படி உயிரோட இருக்கு?" இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் பிடித்திருந்தது: "அவ்வளவு பெரிய ஓட்டை போட்டா, தண்ணி ஏன் மேல பொங்கி வரல?"

ஆண்டு முழுவதும் 30 பாகை செல்சியஸ் வெயிலில் வாழும் நமக்கு இந்தச் சந்தேகங்கள் வருவது இயல்புதான். பாடநூலோ இந்த விஷயத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறது: "பனிக்கட்டி நீரில் மிதக்கும்." அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு ஏரியின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. அதைப் பார்க்க, கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இருக்கும் சிம்கோ ஏரிக்கு மனத்தளவில் ஒரு நாள் போய் வருவோம்.

டொராண்டோ நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காரில் போனால் இந்த ஏரி வரும். பரப்பளவு ஏறத்தாழ 722 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் நாட்டை விடச் சற்று சிறியது, அவ்வளவுதான். ஏரியின் மேற்குப் பக்கம் விரல் நீட்டியதுபோல் ஒரு விரிகுடா உண்டு. கெம்பன்ஃபெல்ட் என்று பெயர். அதன் நுனியில் பாரி நகரம். இங்கே கரையை விட்டுச் சற்று நகர்ந்தாலே நீர் மளமளவென்று ஆழமாகி, 40 மீட்டரைத் தொடும். அதனால் கரையோரத்தில் பெர்ச் மீனையும், கொஞ்ச தூரம் நடந்து போனால் ஆழத்தில் டிரவுட் மீனையும் ஒரே நாளில் பிடிக்கலாம். ஏரி உறைந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

முதலில் அளவுகோல்

ஜனவரி மாதம். விடியற்காலை. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 15 பாகை. மூச்சு விட்டால் கழுத்துத் துணியில் வெண்துகளாகப் படிகிறது. அனுபவமுள்ள மீன்பிடிப்பவர் இந்த நேரத்தில் தூண்டிலைத் தொடமாட்டார். இரும்புக் கோலால் பனிக்கட்டியைக் குத்திப் பார்ப்பார். சில அடி நடப்பார், மறுபடி குத்துவார். பிறகு ஒரு துளை போட்டு, தடிமனை அளவுகோலால் அளப்பார்.

தனி ஆள் நடக்கக் குறைந்தது 15 சென்டிமீட்டர், பனி மோட்டார் வண்டி ஓட்ட 25 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும் என்பது கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு. அதுவும் கண்ணாடிபோல் தெளிவாக, நீலம் பாய்ந்திருக்கும் பனிக்கட்டிக்கு மட்டும். வெண்பனி நனைந்து உறைந்து உருவாகும் வெள்ளை நிறப் பனிக்கட்டிக்குள் காற்றுக் குமிழிகள் நிறைய இருக்கும். அதன் வலிமை ஏறக்குறைய பாதிதான்.

இந்த 15 சென்டிமீட்டரை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட பாளத்தின் கன அளவு 150 லிட்டர். நீரின் அடர்த்தி லிட்டருக்கு 1 கிலோ என்றால் பனிக்கட்டியின் அடர்த்தி 0.917 கிலோ. ஆகவே பாளத்தின் எடை ஏறத்தாழ 137.5 கிலோ. அது முழுவதும் அமிழ்ந்தால் வெளியேற்றும் நீரோ 150 கிலோ. மிச்சம் 12.5 கிலோ. அதாவது, வெட்டித் தனியாக மிதக்கும் ஒரு சதுர மீட்டர்ப் பாளம் ஒரு சிறு குழந்தையைத்தான் தாங்கும். 60 கிலோ ஆசிரியர் ஏறினால் நேராக நீருக்குள்தான். அப்படியானால் ஏரியின் மேல் எப்படி நடக்கிறார்கள்? விரிசல் இல்லாத பாளம் நம் எடைக்கு மிக லேசாக வளைந்து, பாரத்தைச் சுற்றிலும் பல சதுர மீட்டர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. விரிசல் விட்ட இடத்தில் அந்தப் பகிர்வு அறுந்துபோகும். மீன்பிடிப்பவர் சில அடிக்கு ஒருமுறை குத்திப் பார்ப்பது இதற்காகத்தான்.

தடிமன் கூடுவதும் நாம் நினைக்கிற வேகத்தில் நடப்பதில்லை. பனிக்கட்டி அடிப்பக்கத்திலிருந்து வளர்கிறது. ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் ஏற்கெனவே உறைந்திருக்கும் பாளத்தைத் தாண்டி மேலே குளிர்க்காற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். பாளம் தடிக்கத் தடிக்கப் பாதை நீளும். குளிர் ஒரே அளவில் இருந்தால், தடிமன் இரண்டு மடங்காக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மேலே வெண்பனி கொட்டிக் கிடந்தால் இன்னும் மெதுவாகும், ஏனென்றால் வெண்பனி ஒரு நல்ல போர்வை. ஆக, பத்து நாள் கடுங்குளிர் அடித்துவிட்டது என்பதற்காகப் பாளம் கெட்டியாகிவிட்டது என்று நம்ப முடியாது. 2023-2024 குளிர்காலம் கனடாவில் இதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. அத்தகைய ஆண்டுகளில் அளவுகோலை மறந்துவிட்டு, "போன வருஷம் இதே தேதியில் நடந்தோமே" என்று நினைவை நம்பிப் போகிறவர்கள்தான் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

துளைக்குள் தெரியும் கோடு

அளந்தாகிவிட்டது. 30 சென்டிமீட்டர். நல்ல தடிமன். திருகுபோல் சுழலும் துளைப்பானை வைத்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் விட்டத்தில் துளை போடுகிறார்கள். கடைசிச் சுற்றில் நீர் கொப்பளித்து மேலே வந்து, பிறகு அடங்குகிறது. எங்கே அடங்குகிறது என்று பாருங்கள்: பனிக்கட்டியின் மேற்பரப்புக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் கீழே.

பின் வரிசை மாணவரின் கேள்விக்குப் பதில் இதோ. பாளம் ஏரிக்கு மூடிபோல் கரையில் அமர்ந்திருக்கவில்லை. அது மிதக்கிறது. மிதக்கும் பனிக்கட்டியின் 91.7 விழுக்காடு நீருக்குள்ளும் மீதி 8.3 விழுக்காடு வெளியிலும் இருக்கும். 30 சென்டிமீட்டரில் 8.3 விழுக்காடு இரண்டரை சென்டிமீட்டர். உங்கள் தே ஐஸ் கோப்பையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டிக்கும் இதே கணக்குதான். துளை போட்ட பிறகு நீர் மேற்பரப்பைத் தாண்டி வழிந்தால், பாளத்தின் மேல் வெண்பனியோ வேறு பாரமோ அதிகமாக அழுத்துகிறது என்று பொருள்.

சரி, மீன் எப்படிப் பிழைக்கிறது? அதற்கு நாம் இலையுதிர் காலத்துக்குப் போக வேண்டும். காற்று குளிரும்போது ஏரியின் மேல்நீர் குளிர்ந்து, சுருங்கி, கனத்து, கீழே இறங்கும். கீழிருக்கும் நீர் மேலே வரும். இந்தச் சுழற்சியில் காற்றிலிருந்து கரைந்த உயிர்வளி அடியாழம்வரை போய்ச் சேருகிறது. ஏரி முழுவதும் 4 பாகை ஆகும்வரை இது தொடரும். அதற்குப் பிறகுதான் நீர் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. 4 பாகைக்குக் கீழே குளிரும்போது அது சுருங்காமல் விரிவடைகிறது, இலேசாகிறது. எனவே 3 பாகை நீரும் 2 பாகை நீரும் மேலேயே தங்கி, கடைசியில் 0 பாகையில் உறைகின்றன. 4 பாகையை நெருங்கிய கனமான நீர் அடியில் தங்கிவிடுகிறது. மற்ற திரவங்களைப் போல நீரும் குளிரக் குளிரக் கனத்துக்கொண்டே போயிருந்தால், ஏரிகள் அடியிலிருந்து உறைந்து மேலே வந்திருக்கும். மீன் என்ற ஒன்று இந்த நாடுகளின் ஏரிகளில் இருந்திருக்காது.

பனிக்கட்டி மூடியபின் காற்றிலிருந்து உயிர்வளி வராதே என்று கேட்பீர்கள். சேமிப்பு இருக்கிறது. 30 பாகை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் உயிர்வளிதான் கரையும். 0 பாகையை ஒட்டிய நீரில் அது 14.6 மில்லிகிராம். செலவும் குறைவு. மீனின் உடல் வெப்பநிலை சுற்றியுள்ள நீரின் வெப்பநிலைதான். 10 பாகை குறைந்தால் அதன் உடலியக்கம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆழம் குறைந்த குட்டைகளில் இந்தச் சேமிப்பும் தீர்ந்து, குளிர்கால முடிவில் மீன்கள் கூட்டமாக இறப்பதுண்டு. சிம்கோ பெரியது, ஆழமானது, தாக்குப்பிடிக்கும்.

பெர்ச் வேறு, டிரவுட் வேறு

காலை பத்து மணி. கரையிலிருந்து அதிகம் தள்ளிப் போகாமல், 10 மீட்டர் ஆழத்தில் மஞ்சள் பெர்ச். கையளவு மீன், தங்க மஞ்சள் உடலில் கருமையான பட்டைகள், முதுகில் முள் துடுப்பு. கூட்டமாகத் திரியும். கண்ணை நம்பி இரை தேடுவதால் பகலில் மட்டும் தீனி. இருட்டினால் அடியில் ஓய்வெடுக்கும். குளிரில் அது இரையைப் பாய்ந்து கவ்வாது. வாயருகே வந்ததை மெல்ல உறிஞ்சும். அதனால் கோலும் குட்டையானது, கயிறும் மெல்லியது. நுனி ஒரு முறை துடித்தாலே இழுக்க வேண்டும்.

இழுத்தவுடன் ஒரு இயற்பியல் பாடம் தொடங்குகிறது. மீனின் வயிற்றில், நீரில் நிலையாக நிற்பதற்காக ஒரு காற்றுப்பை உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் பாதியானால் வளிமத்தின் கன அளவு இரட்டிப்பாகும் என்பது போயில் விதி. பெர்ச்சின் காற்றுப்பைக்கு வெளி வாசல் கிடையாது. உள்ளே இருக்கும் வளிமம் இரத்தத்தின் வழியாக மெதுவாகத்தான் கூடவும் குறையவும் முடியும். அரை நிமிடத்தில் மேலே வந்த மீனின் பை ஊதிப் பெருத்துவிடும். இன்னும் ஆழத்திலிருந்து வந்தால் வயிறே வாய்வழியாகப் பிதுங்கும். அதை மறுபடி நீரில் விட்டாலும் அடியில் இறங்க முடியாமல் பனிக்கட்டிக்குக் கீழே முட்டிக்கொண்டு கிடக்கும். எனவே ஆழத்தில் பெர்ச் பிடிப்பவர் "பிடித்து விளையாடிவிட்டு விட்டுவிடுகிறேன்" என்று சொல்வது பொருளற்ற பேச்சு. சமைக்கத் தேவையான அளவு பிடித்ததும் கோலைச் சுருட்டிவிடுவதுதான் நாகரிகம்.

மாலை நெருங்குகிறது. இன்னும் தள்ளிப் போய், 30 மீட்டர் ஆழத்தில் ஏரி டிரவுட். இது குளிர்நீர் மீன். கோடையிலும் 10 பாகையை ஒட்டிய நீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். மெதுவாக வளரும், பல கிலோ எடைக்கு வரும். தூண்டிலில் மாட்டி மேலே வரும் வழியில் நான்கு மடங்கிலிருந்து ஒரு மடங்காக அழுத்தம் குறைகிறது. ஆனால் டிரவுட்டின் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு சிறு குழாய் இருக்கிறது. மீன் ஏப்பம் விடும். பொறுமையாக, நிறுத்தி நிறுத்தி இழுத்தால், மீன் தெரிவதற்கு முன்பே துளையில் குமிழிகள் வருவதைக் காணலாம். பெர்ச்சுக்குச் சாவாகும் பயணத்தை டிரவுட் தாங்கிக்கொள்வது அந்தச் சிறு குழாயால்தான்.

அப்படியிருந்தும் இந்த ஏரியில் அழிவை நெருங்கியது பெர்ச் அல்ல, டிரவுட். காரணம் கோடைக்காலம். கோடையில் சூடான மேல்நீர் இலேசாக மேலே மிதந்து, ஆழத்து நீருக்கு மூடியாகிவிடும். இலையுதிர் காலச் சுழற்சிவரை ஆழத்துக்குப் புதிய உயிர்வளி கிடைக்காது. பண்ணைகள், நகரங்கள், கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து பாஸ்பரஸ் சேர்ந்ததால் ஏரியில் பாசி பெருகியது. செத்த பாசி அடியில் இறங்க, அதைச் சிதைக்கும் பாக்டீரியா அங்கிருந்த உயிர்வளியைத் தின்று தீர்த்தது. மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சுமுட்டல். இளம் டிரவுட் மீன்களுக்குப் போக்கிடம் இல்லை. 1960-களிலிருந்து பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை ஏரியில் விட்டுத்தான் டிரவுட்டைக் காப்பாற்றி வருகிறார்கள்.

2008-இல் இந்த ஒரு ஏரிக்காகவே ஒன்டாரியோ அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி வந்த திட்டம் இரண்டு எண்களை இலக்காக வைத்தது: ஆழத்து நீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் உயிர்வளி, ஏரிக்குள் வரும் பாஸ்பரஸ் ஆண்டுக்கு 44 டன்னுக்கு மேல் போகக் கூடாது. பாஸ்பரஸ் குறையத் தொடங்கிய பிறகு ஏரியிலேயே பிறந்த டிரவுட்டுகள் மறுபடி தென்படத் தொடங்கின. இலையுதிர் காலத்தில் பாறை இடுக்குகளில் இட்ட முட்டைகள், மீன்பிடிப்பவரின் காலுக்கடியில் குளிர்காலம் முழுவதும் மெல்ல வளர்ந்து, வசந்தத்தை ஒட்டிப் பொரிகின்றன.

ஏரியில் பிறந்தது எது, பண்ணையில் பிறந்தது எது என்று எப்படித் தெரியும்? பண்ணைக் குஞ்சுகளை விடுமுன் ஒரு துடுப்பைக் கத்தரித்துவிடுவார்கள். அது வலிக்காதா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி, அதைப் பற்றி ஆய்வாளர்களும் விவாதிக்கிறார்கள்.

வெளிச்சம் மங்குகிறது. துளையில் குமிழிகள் வருகின்றன. பிறகு கரும்பச்சை முதுகு, அதில் வெளிர்ப் புள்ளிகள். மீன்பிடிப்பவர் கையுறையைக் கழற்றி, மீனை நீருக்குள் வைத்தபடியே விளக்கைக் காட்டி ஒவ்வொரு துடுப்பாகப் பார்க்கிறார். முதுகில் பெரியது, வாலுக்கு முன் சிறியது, மார்பில் இரண்டு, வயிற்றில் இரண்டு, அதற்குப் பின்னால் ஒன்று, வால். எல்லாம் முழுமையாக இருக்கின்றன. கொக்கியைக் கழற்றி, மீனின் தலையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறார். வால் ஒரு முறை அடிக்கிறது, துளையில் நீர் மட்டும் ஆடுகிறது.